மணநாள் நாணயங்கள்: ஆல்பத்துக்குள் ஒரு வம்சாவளி

கேள்வி இதுதான்: லண்டனில் வேலை பார்த்த பெரியப்பா விட்டுச்சென்ற பொருள்களில் பெரிய நாணயம் ஒன்று இருக்கிறது. எலிசபெத் அரசியின் திருமண வெள்ளிவிழாவுக்காக 1972இல் வெளியானது. அது வெள்ளியா? நல்ல விலை போகுமா? அதை வைத்து அரச குடும்பங்களின் மணநாள் நினைவு நாணயங்களைச் சேர்க்கத் தொடங்கலாமா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சின்னது. அது பெரும்பாலும் வெள்ளியாக இருக்காது, விலையும் போகாது. மூன்றாவது கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் நாடு வாரியாகவோ ஆண்டு வாரியாகவோ சேர்க்காதீர்கள், உறவு வாரியாகச் சேருங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது போகப்போகப் புரியும்.

முதலில் உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம். எலிசபெத்தும் பிலிப்பும் 1947 நவம்பர் 20 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் மணம் செய்துகொண்டார்கள். 25 ஆண்டு நிறைவுக்கு வந்த கிரவுன் நாணயம் உங்களுடையது. குறுக்களவு 38.6 மில்லிமீட்டர், எடை 28.28 கிராம். ஒரு பக்கம் அரசியின் முகம், மறுபக்கம் மலர்மாலைக்கு நடுவே 'இ', 'பி' என்ற இரண்டு எழுத்துகள், மேலே ஒரு மகுடம், மையத்தில் காதல் கடவுள் ஈராஸ். இரண்டு பக்கத்தையும் வடித்தவர் ஆர்னால்டு மேச்சின். பிரிட்டிஷ் தபால்தலைகளில் பல பத்தாண்டுகளாக நாம் பார்த்த அரசியின் பக்கவாட்டு முகமும் அவர் செய்ததுதான். அதனால்தான் இந்த நாணயத்தை முதல்முறை பார்ப்பவருக்கும் அந்த முகம் எங்கோ பார்த்த மாதிரி இருக்கும்.

நாணயத்தில் மதிப்பு எழுதியிருக்காது. இதைப் பார்த்துவிட்டு, "இது நாணயமே இல்லை, வெறும் பதக்கம்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. பழைய கணக்கில் ஒரு கிரவுன் என்பது ஐந்து ஷில்லிங். 1971 பிப்ரவரியில் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியபோது அது 25 பென்ஸ் ஆனது. 1965இல் சர்ச்சிலுக்கு வெளியிட்ட கிரவுனிலும், 1977இலும் 1981இலும் வந்த 25 பென்ஸ் நாணயங்களிலும்கூட மதிப்பு இருக்காது. ஆக, மதிப்பு எழுதாதது எல்லாம் பதக்கம் என்ற விதியை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் கிரவுன்களை அளக்க முடியாது.

சாதாரணப் பதிப்பு 74 லட்சத்துக்கும் மேல் அடித்தார்கள். தாமிரமும் நிக்கலும் கலந்த உலோகம். வாங்கியவர்கள் யாரும் செலவழிக்கவில்லை, பத்திரமாக எடுத்து வைத்தார்கள். அதனால் 50 ஆண்டு கழிந்தும் பளபளப்பாகவே லட்சக்கணக்கில் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் ஓரிரு பவுண்டுக்கு வாங்கிவிடலாம். இதே நாணயத்தை வெள்ளியிலும் ஒரு லட்சம் அடித்தார்கள். 925 தரம், அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. கணக்குப் போட்டால் 26 கிராம் சுத்த வெள்ளி. இது வெள்ளி விலைக்குக் கீழே போகாது, பெரிதாக மேலேயும் போகாது.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பளபளப்பை வைத்து முடிவு செய்ய முடியாது. அந்த ஆண்டின் புரூஃப் தொகுப்பில் தாமிர-நிக்கல் கிரவுனையும் கண்ணாடி மாதிரி மெருகேற்றித்தான் வைத்தார்கள். புரூஃப் என்பது அடிக்கும் முறை. மெருகேற்றிய அச்சு, மெருகேற்றிய தகடு, நிதானமான அடி, அவ்வளவுதான். அதற்கும் உலோகத்துக்கும் சம்பந்தம் இல்லை. காந்தமும் உதவாது, இரண்டுமே ஒட்டாது. எடையும் உதவாது, இரண்டும் ஒரே எடை. ஆனால் ஒரே எடை என்பதிலேயே விடை இருக்கிறது. வெள்ளி அடர்த்தி கூடியது. எடையும் குறுக்களவும் ஒன்றாக இருந்தால் வெள்ளி நாணயம் கொஞ்சம் மெல்லியதாகத்தான் இருக்க வேண்டும். இரண்டையும் அருகருகே நிறுத்தினால் விளிம்பில் தெரியும்.

ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் தண்ணீர் சோதனை செய்யுங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போல 0.01 கிராம் காட்டும் சின்ன மின்னணுத் தராசு வேண்டும். அதன் மேல் முக்கால் டம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியையோ சுவரையோ தொடாமல் முழுக்க மூழ்கும்படி கையால் தொங்க விடுங்கள். தராசு ஒரு எண்ணைக் காட்டும். நாணயம் ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. 3.16க்குப் பக்கத்தில் வந்தால் தாமிர-நிக்கல். 2.73க்குப் பக்கத்தில் வந்தால் வெள்ளி. நாணயத்தின் மேல் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடிவிடும். அதனால் ஒருமுறை மெதுவாக ஆட்டிவிட்டுப் பாருங்கள். ஆனால் நாணயம் மூடிய கண்ணாடி உறைக்குள் இருந்தால் இதற்காகத் திறக்கவே திறக்காதீர்கள். புரூஃப் நாணயத்தில் ஒரு விரல் ரேகை விழுந்தால் அது நிரந்தரம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். இணையத்தில் விற்பவர்கள் வெள்ளிவிழா, பொன்விழா என்று பொத்தாம்பொதுவாக எழுதுவார்கள். எலிசபெத்துக்கு இரண்டு வகை விழாக்கள் உண்டு. ஒன்று ஆட்சி விழா, அது 1952இலிருந்து கணக்கு. இன்னொன்று மண விழா, அது 1947இலிருந்து. 1977இல் வந்தது ஆட்சி வெள்ளிவிழா நாணயம். கிட்டத்தட்ட 3 கோடியே 70 லட்சம் அடித்தார்கள். 2002, 2012, 2022 ஆண்டுகளில் வந்தவையும் ஆட்சிக்கானவை. மண விழாக்களுக்கு வந்தவை 1972, 1997, 2007, 2017. 1981இல் வந்தது சார்லஸ், டயானா திருமணத்துக்கு. அது கல்யாண நாணயம், மணநாள் நிறைவு நாணயம் இல்லை. எதைச் சேர்க்கிறோம் என்பதில் முதலிலேயே கறாராக இருந்தால் பணம் மிச்சமாகும்.

பிரிட்டனின் மற்ற மூன்றையும் சொல்லிவிடுகிறேன். 1990இலிருந்து கிரவுன் அளவு நாணயத்தின் மதிப்பை ஐந்து பவுண்டாக உயர்த்தினார்கள். அளவும் எடையும் அதேதான், மதிப்பு மட்டும் இருபது மடங்கு. 1997 பொன்விழா நாணயத்தில் அரசியும் பிலிப்பும் ஒருவர் முகத்துக்குப் பின்னால் இன்னொருவர் முகம் தெரிகிற மாதிரி இணைந்திருக்கிறார்கள். பிலிப் நாதன் என்ற சிற்பியின் வேலை. பிரிட்டிஷ் நாணயத்தின் முன்பக்கத்தில் இப்படி ஒரு ஆளும் தம்பதியைப் பார்க்க வேண்டுமானால் 1689இல் வந்த வில்லியம், மேரி காலத்துக்குத்தான் போக வேண்டும்.

2007 வைரவிழாவுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் வடக்குப் பக்க ரோஜாச் சாளரத்தை எம்மா நோபிள் வரைந்தார். இந்த நாலில் எனக்குப் பிடித்தது இதுதான். முகங்களை இயன் ரேங்க்-பிராட்லி செய்தார். 1997 நவம்பரில் பொன்விழா விருந்தில் அரசி பேசும்போது, இத்தனை ஆண்டும் தன் பலமாகவும் துணையாகவும் இருந்தவர் பிலிப் என்றார். அந்தச் சொற்களையே பத்து ஆண்டு கழித்து இந்த நாணயத்தின் வெள்ளி, தங்கப் பதிப்புகளில் விளிம்பைச் சுற்றிப் பொறித்தார்கள். ஒரு மனைவி பொது இடத்தில் சொன்ன சொல் நாணய விளிம்புக்கு வந்தது என்பது என்னை இன்றும் நெகிழ வைக்கிறது. 2017இல் 70ஆம் ஆண்டுக்கு வந்த நாணயத்தில் இருவரும் குதிரைமேல் போகிறார்கள், ஜான் பெர்க்டால் வடித்தது.

இந்த நாலின் சாதாரண உலோகப் பதிப்புகளை வாங்கிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் ஆலோசனை. ஒவ்வொன்றுக்கும் வெள்ளி, தங்கம், இரட்டைத் தடிமன் உள்ள பீட்ஃபோர்ட் என்று நாணயச்சாலை பல வடிவங்களை விற்கிறது. படம் ஒன்றுதான். 1972இலேயே ஜெர்சி தீவு ஐந்து தங்கம், நாலு வெள்ளி என ஒன்பது நாணயங்களை ஒரே விழாவுக்கு வெளியிட்டது. கெர்ன்சி, மேன் தீவு, ஜிப்ரால்டர், பெர்முடா, கேமன் தீவுகள் எல்லாம் அதே ஆண்டு தங்கள் பங்குக்கு வெளியிட்டன. எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும் என்று இறங்கினால் ஒரே தம்பதியின் ஒரே விழா அலமாரியை நிறைத்துவிடும், கண்ணுக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது.

சரி, எங்கே போவது? ஐரோப்பாவின் பழைய நாணயங்களுக்கு.

டென்மார்க்கின் ஒன்பதாம் கிறிஸ்டியனும் லூயிசும் 1842இல் மணந்தவர்கள். 1892இல் அவர்களுடைய பொன்விழாவுக்கு டென்மார்க் ஒரு இரண்டு குரோனர் வெள்ளி நாணயம் வெளியிட்டது. 15 கிராம், 800 தரம். இவரை ஐரோப்பாவின் மாமனார் என்று அழைத்தார்கள். காரணம் இருந்தது. ஒரு மகள் அலெக்சாண்ட்ரா பிரிட்டனின் அரசி ஆனார், இன்னொரு மகள் டாக்மார் ரஷ்யப் பேரரசி. மூத்த மகன் பிரெடரிக் டென்மார்க்கின் அரசர். இரண்டாவது மகன் ஜார்ஜ் கிரேக்க அரசர்.

இப்போது உங்கள் 1972 நாணயத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிரேக்க ஜார்ஜின் மகன் ஆண்ட்ரூ, அவருடைய மகன் பிலிப். அலெக்சாண்ட்ராவின் மகன் ஐந்தாம் ஜார்ஜ், அவர் மகன் ஆறாம் ஜார்ஜ், அவர் மகள் எலிசபெத். ஆக, 1892 நாணயத்தில் இருக்கும் தம்பதிக்குப் பிலிப் கொள்ளுப்பேரன், எலிசபெத் எள்ளுப்பேத்தி. உங்கள் நாணயத்தின் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பொதுவான மூதாதையர் அந்த டேனிஷ் வெள்ளிக்காசில் இருக்கிறார்கள்! உறவு வாரியாகச் சேருங்கள் என்று நான் சொன்னது இதற்காகத்தான். போர் வெற்றி, ஆட்சி ஆண்டு, கட்டடத் திறப்பு என்று வேறு எந்த நினைவு நாணயத்திலும் இந்தச் சுவை வராது. மணநாள் நாணயத்தில் கணவனும் மனைவியும் இருக்கிறார்கள். இரண்டு குடும்பங்கள் சேரும் இடம் அது. ஒரு நாணயத்திலிருந்து இன்னொரு நாணயத்துக்குக் கோடு போட்டுக்கொண்டே போகலாம்.

டென்மார்க்கையே தொடர்ந்தால் அழகான நாலு நாணயம் கிடைக்கும். 1892க்கு அப்புறம் 1923. கிறிஸ்டியனின் பேரன் பத்தாம் கிறிஸ்டியனும் அலெக்சாண்ட்ரினும் மணந்து 25 ஆண்டு ஆனதற்கு மறுபடியும் ஒரு இரண்டு குரோனர். அப்புறம் 1960. அவர்கள் மகன் ஒன்பதாம் பிரெடரிக்குக்கும் இங்ரிடுக்கும் வெள்ளிவிழா, இப்போது ஐந்து குரோனர், 17 கிராம், அதே 800 தரம். அப்புறம் 1992. அவர்கள் மகள் இரண்டாம் மார்கரேத்தாவுக்கும் ஹென்ரிக்குக்கும் வெள்ளிவிழா, இந்த முறை 200 குரோனர் வெள்ளி நாணயம். நூறு ஆண்டு, ஒரே ரத்தவழி, நாலு தம்பதிகள். இடையில் வந்த எட்டாம் பிரெடரிக் தலைமுறை மட்டும் விடுபட்டுப் போகிறது.

இரண்டு குரோனராக இருந்தது 200 குரோனராக மாறியதையும் கவனியுங்கள். 1892 நாணயம் அளவிலும் எடையிலும் அன்று புழங்கிய இரண்டு குரோனர் காசுதான். கடையில் கொடுத்து மாற்றலாம், பலர் மாற்றவும் செய்தார்கள். அதனால் அவற்றில் தேய்ந்தவை உண்டு, பாக்கெட்டில் கிடந்த கீறல் உண்டு. 1992 நாணயமோ பெட்டியோடு பிறந்தது. எனக்குத் தேய்ந்த காசின் மேல் ஒரு தனிப் பாசம். மன்னரின் கல்யாண நாள் மீன்காரர் கையிலும் கிடந்திருக்கிறது என்று அது சொல்கிறது.

1960 நாணயத்தின் இங்ரிட் நம்மை ஸ்வீடனுக்குக் கூட்டிப்போவார். அவர் ஸ்வீடன் இளவரசி. அங்கே இரண்டாம் ஆஸ்கரும் சோபியாவும் 1857 ஜூன் 6 அன்று மணந்தவர்கள். 1907இல் பொன்விழாவுக்கு இரண்டு குரோனர் வெள்ளி நாணயம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்கர் இறந்துபோனார். இங்ரிட் இவர்களுடைய கொள்ளுப்பேத்தி.

இந்த 1907 நாணயத்துக்கு ஒரு ஜோடி இருக்கிறது. அது இருப்பது ஜெர்மனியில். பாடன் நாட்டின் பெருங்கோமகன் முதலாம் பிரிட்ரிஷும் லூயிசேவும் 1856 செப்டம்பர் 20 அன்று மணந்தவர்கள். 1906இல் அவர்கள் பொன்விழாவுக்கு இரண்டு மார்க், ஐந்து மார்க் என இரண்டு வெள்ளி நாணயங்கள் வெளியாயின. இவர்களுடைய மகள் விக்டோரியாதான் ஆஸ்கரின் மகன் ஐந்தாம் குஸ்தாவைக் கட்டிக்கொண்டவர். அதாவது 1906 நாணயத்துக்கும் 1907 நாணயத்துக்கும் உறவு என்ன என்று கேட்டால், சம்பந்தி! ஒன்பது மாத இடைவெளியில் சம்பந்திகள் இரு தரப்பும் பொன்விழா கண்டு, இரு நாடுகளும் வெள்ளியில் நாணயம் அடித்து, 1907 முடிவதற்குள் பொன்விழா கண்ட இரண்டு கணவர்களும் காலமாகிவிட்டார்கள். என் ஆல்பத்தில் இவை இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. பாடன் நாணயத்தை வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். பிரிட்ரிஷ் இறந்ததற்கும் 1907இல் இரண்டு மார்க், ஐந்து மார்க் நாணயங்கள் வந்தன. அதில் அவர் மட்டும் இருப்பார். 1906இல் இருவரும் இருப்பார்கள்.

இந்தக் கோட்டை இன்றைக்கும் இழுக்கலாம். இங்ரிடின் அண்ணன் மகன்தான் இப்போதைய ஸ்வீடன் அரசர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ். அவரும் சில்வியாவும் 1976இல் மணந்தார்கள். 2001இல் வெள்ளிவிழாவுக்கு 200 குரோனர் வெள்ளி நாணயம் வந்தது. டென்மார்க்கின் 1992 நாணயத்தில் உள்ள மார்கரேத்தாவுக்கு இவர் மாமன் மகன். இப்படி ஏழெட்டு நாணயங்களிலேயே 1842இலிருந்து நம் காலம்வரை ஒரு குடும்பம் வந்து நின்றுவிடுகிறது.

ஆஸ்திரியப் பக்கம் ஒரு தனிக் கிளை. பேரரசர் பிரான்ஸ் யோசப்பும், சிசி என்று உலகம் அழைக்கும் எலிசபெத்தும் 1854 ஏப்ரல் 24 அன்று மணந்தவர்கள். 1879இல் வெள்ளிவிழாவுக்கு வியன்னாவே திரண்டது. ஹன்ஸ் மாகார்ட் என்ற ஓவியர் வடிவமைத்த பெரிய ஊர்வலம் ரிங் சாலையில் போனது. அந்த ஆண்டு வந்த இரண்டு குல்டன் நாணயம் 24.69 கிராம், 900 தரம். கையில் வைத்தால் பாரமே ஒரு சந்தோஷம். இருவர் முகமும் இணைந்து ஒரே பக்கம் பார்க்கின்றன. சிசியின் பெயரால் வரும் எல்லாப் பொருளையும் தேடி வாங்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதனால் இதே அளவு வெள்ளியுள்ள மற்ற நாணயங்களைவிட இதன் விலை கூடுதல்.

இந்தத் தம்பதியின் அம்மாக்கள் உடன்பிறந்த சகோதரிகள். நம் முறைப்படி மாப்பிள்ளையும் பெண்ணும் அண்ணன் தங்கை. அங்கே அது தடை இல்லை. அந்தச் சகோதரிகளுக்கு மூத்தவர் அமாலி, சாக்சனி நாட்டு அரசர் யோஹானைக் கட்டிக்கொண்டவர். இவர்கள் பொன்விழாவுக்கு சாக்சனி 1872இல் இரட்டைத் தாலர் ஒன்றை வெளியிட்டது. தாலர் என்பது ஜெர்மன் நாடுகளின் பழைய வெள்ளி நாணயம். மார்க் நாணயம் வந்து தாலரைத் துரத்திக்கொண்டிருந்த நேரம் அது. கடைசித் தாலர்களில் ஒன்று, 37 கிராம் எடை. 1872 நாணயத்தில் இருப்பவர் 1879 நாணயத்தில் உள்ள இருவருக்குமே பெரியம்மா. இரண்டையும் வாங்கினால் ஒரு பக்கம் முடிந்தது. ஆனால் இவை விலை கூடியவை, அவசரப்பட வேண்டாம்.

ஜெர்மனியை விட்டுப் போகும் முன் இரண்டு நாணயங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலாவது வூர்ட்டம்பர்க், 1911. அரசர் இரண்டாம் வில்ஹெல்மும் சார்லோட்டும் 1886இல் மணந்தவர்கள். வெள்ளிவிழாவுக்கு மூன்று மார்க் நாணயம் வந்தது. 16.67 கிராம், 900 தரம், அதாவது 15 கிராம் சுத்த வெள்ளி. இந்த அரசர் ஸ்டுட்கார்ட் தெருக்களில் இரண்டு நாய்களைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாக நடந்து போனவர். அந்த நகரில் அவருக்குள்ள சிலையும் நாய்களோடுதான் இருக்கிறது. நாணயம் மொத்தம் ஐந்து லட்சம் அடித்தார்கள், எளிதில் கிடைக்கும். ஆனால் அதற்குள் ஒரு ரகசியம். சார்லோட் பெயரை ஜெர்மன் எழுத்தில் படித்தால் இரண்டாவது எழுத்து 'ஹெச்'. அதில் இரண்டு தூண்களையும் இணைக்கும் குறுக்குக் கோடு பெரும்பாலான நாணயங்களில் வழக்கமான உயரத்தில் இருக்கும். ஒரு அச்சில் மட்டும் அது மேலே ஏறியிருக்கிறது. அப்படி வந்தவை சுமார் 7,000. பெருக்குக்கண்ணாடியை வைத்துப் பக்கத்து எழுத்துகளோடு ஒப்பிட்டால் தெளிவாகத் தெரியும். விலை வித்தியாசம் பல மடங்கு. விற்பவர்களில் பலர் பார்க்காமலேயே விற்கிறார்கள். அதனால் எந்தக் கடையில் இந்த நாணயத்தைப் பார்த்தாலும் முதலில் அந்த எழுத்தைப் பாருங்கள். அதே சமயம், மேல்கோட்டு வகை என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், தெளிவான படம் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது நாணயத்தை நீங்களும் நானும் வாங்கப் போவதில்லை. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டியது. பவேரியாவின் மூன்றாம் லூட்விக்கும் மரியா தெரேசாவும் 1868 பிப்ரவரியில் மணந்தவர்கள். 1918இல் பொன்விழாவுக்கு மூன்று மார்க் நாணயம் அடித்தார்கள். உலகப் போர் உச்சத்தில் இருந்த காலம். அடித்தது சுமார் 130 மட்டுமே. அதே ஆண்டு நவம்பரில் புரட்சி வந்தது, அரசர் மியூனிக்கை விட்டு ஓடினார், பல நூற்றாண்டு ஆண்ட விட்டெல்ஸ்பாக் வம்சத்தின் ஆட்சி முடிந்தது. ஜெர்மன் பேரரசு நாணயங்களைச் சேர்ப்பவர்களின் கனவுகளில் இது ஒன்று. ஏலத்தில் வரும்போது கூட்டம் கூடும். இணையத்தில் இது மலிவாகக் கிடைத்தால் போலி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நகல்கள் ஏராளம்.

வாங்குவது பற்றி ஒன்றிரண்டு. பழைய வெள்ளியில் முகத்தின் உயரமான இடங்கள்தான் முதலில் தேயும். இணைந்த முகங்களில் அது முன்னால் இருப்பவரின் காதும் காதுக்கு மேலுள்ள முடியும். அங்கே மயிரிழைகள் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல நாணயம். வழவழவென்று இருந்தால் தேய்ந்தது. முடி வழவழவென்று இருந்து, நாணயம் மட்டும் புதுப்பாத்திரம் போலப் பளபளத்தால் யாரோ தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். அதைத் தவிர்த்துவிடுங்கள். வெள்ளிக்கு வயதாகும்போது வரும் சாம்பல், நீலம், பொன்மஞ்சள் நிறம் அழுக்கு இல்லை. புளி, சாம்பல், பற்பசை எதையும் நாணயத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். விளக்குக்கும் பாத்திரத்துக்கும் உள்ள வைத்தியம் நாணயத்துக்கு ஆகாது.

வைக்கும் இடமும் முக்கியம். மலிவான மென்மையான பிளாஸ்டிக் ஆல்பங்களில் பிவிசி இருக்கும். சில ஆண்டுகளில் அது நாணயத்தின் மேல் பச்சையாகப் பிசுபிசுவென்று படியும். பிவிசி இல்லாத உறை என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மைலார் என்ற தெளிந்த மெல்லிய படலம் ஒட்டிய அட்டைச் சட்டம் போதும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்கவே கூடாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இருந்தால் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். நாணயத்தை எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

தங்க முலாம் பூசிய, வண்ணம் தீட்டிய 'அரச திருமண நினைவுப் பொருள்' என்று வருபவற்றை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அவை எந்த நாட்டின் நாணயமும் இல்லை, தனியார் அடித்த பதக்கங்கள். உண்மையான நாணயத்தை வாங்கி அதன் மேல் முலாம் பூசி விற்பதும் உண்டு. அப்படிச் செய்ததும் சேகரிப்பாளர்களைப் பொறுத்தவரை அந்த நாணயம் கெட்டுப்போனது. சான்றிதழும் வெல்வெட் பெட்டியும் விலையைத்தான் கூட்டும். பெட்டிக்காக 1972 தாமிர-நிக்கல் கிரவுனுக்கு யாரும் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஐந்து பவுண்டு நாணயங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டப்படி அவை செல்லும் என்று எழுதியிருப்பதை நம்பி, வேண்டாம் என்றால் லண்டன் போகும் சொந்தக்காரரிடம் கொடுத்துச் செலவழித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கடைகளும் வங்கிகளும் அவற்றை வாங்க மறுக்கலாம், பெரும்பாலும் மறுக்கின்றன. அதனால் முகமதிப்பைக் காப்பீடு மாதிரி எண்ணி அதிக விலைக்கு வாங்க வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அடுத்து வாங்குவது டென்மார்க்கின் 1960 ஐந்து குரோனர். வெள்ளி நாணயம், நாலு லட்சத்துக்கும் மேல் அடித்தது, விலை அதிகம் இல்லை, நல்ல நிலையில் தாராளமாகக் கிடைக்கிறது. இரண்டு விஷயம் மட்டும் சரிபாருங்கள். 1960ஆம் ஆண்டு என்றே பிரெடரிக் மட்டும் இருக்கும் சாதாரணத் தாமிர-நிக்கல் ஐந்து குரோனரும் உண்டு. உங்களுக்கு வேண்டியதில் அரசரும் அரசியும் சேர்ந்திருக்க வேண்டும். 1964இல் இன்னொரு ஐந்து குரோனர் வெள்ளி வந்தது. அது இவர்கள் மகள் ஆன்-மரியின் திருமணத்துக்கு, கிரேக்க அரசர் கான்ஸ்டன்டைனோடு. ஒன்பதாம் கிறிஸ்டியனின் வழி அங்கேயும் போகிறது. அதனால் 1960 கைக்கு வந்த பிறகு, கல்யாண நாணயம் வேண்டாம் என்ற விதியை அந்த ஒன்றுக்கு மட்டும் தளர்த்தலாமா என்று யோசியுங்கள். நான் தளர்த்தியிருக்கிறேன்.